அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முதல் கறுப்பினப் பெண்: அமல்யா கியர்ஸ் வந்த வழி

கேள்வி இரண்டு வரிதான். "அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் யார்? கீழ்க் கோர்ட்டிலிருந்து பதவி உயர்வில் வந்தாரா, வக்கீலாக இருந்தே வந்தாரா?" முதல் வரிக்கு ஒரு பெயர் சொன்னால் போதும். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டாவது வரியை: அந்த நாற்காலிக்கு ஏணி எங்கே இருக்கிறது என்பதை. நேராகச் சொன்னால், ஏணியே கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சீனியாரிட்டிப்படி மேலே போகும் ஏற்பாடு இல்லை. குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும், அவ்வளவுதான். நீதிபதிக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்றோ, சட்டப் பட்டம் வேண்டும் என்றோகூட அரசியல் சட்டத்தில் எழுதப்படவில்லை. கூட்டாட்சியின் விசாரணை நீதிமன்றமான மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட உட்காராதவர் நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வரலாம். முதல் பெண் அப்படித்தான் வந்தார்.

பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் தேடினால் 'முதல்' என்று நான்கைந்து பெயர்கள் வரும். எல்லாமே சரிதான், நீதிமன்றம்தான் வேறு வேறு. ஜேன் போலின் 1939-இல் நியூயார்க் நகரக் குடும்ப வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் நியமிக்கப்பட்டார். நாட்டிலேயே நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான், ஆனால் அது விசாரணை நீதிமன்றம். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி 1966-இல் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். அதுவும் விசாரணை நீதிமன்றமே. ஜூலியா கூப்பர் மேக் 1975-இல் 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்ற'த்துக்கு வந்தார். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. வாஷிங்டன் நகரில் ஏறக்குறைய இதே பெயரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒன்று 'டி.சி. சர்க்யூட்' எனப்படும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டாரவாரியான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களைத்தான் 'சர்க்யூட்' என்கிறார்கள்). இன்னொன்று அந்த நகரத்தின் உள்ளூர்ச் சட்டங்களுக்கான உச்ச அமைப்பு; ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடம். மேக் இருந்தது இரண்டாவதில். ஆகவே 'கடைசி நிலை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்' என்று அவரைச் சொன்னால் சரி. 'கூட்டாட்சி சர்க்யூட் நீதிபதி' என்றால் தப்பு. கூட்டாட்சி சர்க்யூட் நீதிமன்றம் என்று எடுத்துக்கொண்டால் விடை அமல்யா லைல் கியர்ஸ், நியூயார்க் வட்டாரத்துக்கான இரண்டாவது சர்க்யூட், 1979.

கியர்ஸ் 1937 ஜூன் 11 அன்று நியூஜெர்சியின் வாக்ஸ்ஹாலில் பிறந்தவர். அப்பா அங்கே போஸ்ட்மாஸ்டர், அம்மா மருத்துவர். வெல்லெஸ்லி கல்லூரியில் தத்துவம் படித்து 1959-இல் பட்டம் வாங்கினார். மூன்று வருடம் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அங்கே மாணவர்களே நடத்தும் சட்ட இதழான 'லா ரிவ்யூ'வில் ஆசிரியர் குழுவில் இருந்தார். இது அலங்காரத் தகுதி போலத் தெரியும், உண்மையில் வேலைச் சந்தையில் இதற்குத்தான் விலை. கட்டுரையில் வரும் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு தீர்ப்பு உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது, மேற்கோள் காட்டியவர் அதை எங்கே இழுத்து நீட்டியிருக்கிறார் என்று பார்க்கும் பயிற்சி அது. பின்னாளில் அவர் எழுதிய தீர்ப்புகளில் அந்தக் கை தெரியும். கீழ் நீதிமன்றப் பதிவை வரி வரியாக எடுத்து வைத்த பிறகுதான் சட்டத்துக்கே போவார்.

1962-இலேயே நியூயார்க்கின் ஹியூஸ் ஹப்பர்ட் அண்ட் ரீட் நிறுவனத்தில் சேர்ந்தார். நடுவில் நீதிபதி யாரிடமும் கிளார்க்காக இருக்கவில்லை. ('கிளார்க்' என்றதும் நம் காதில் குமாஸ்தா என்று விழும். அங்கே அது ஓரிரு வருடம் நீதிபதிக்கு ஆராய்ச்சி செய்து, தீர்ப்பின் வரைவு எழுதித்தரும் இளம் வக்கீல் வேலை. இன்று மேலே வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள்.) பெரிய வணிக வழக்குகளை நடத்தும் பிரிவில் ஏழு வருடம் அசோசியேட்டாக இருந்து 1969-இல் பார்ட்னர் ஆனார். வால் ஸ்ட்ரீட்டின் பெரிய நிறுவனம் ஒன்றில் பார்ட்னரான முதல் கறுப்பினப் பெண் இவர். அசோசியேட் சம்பளக்காரர், பார்ட்னர் லாபத்தில் பங்குதாரர். அந்தப் பங்கைத் தருவது மற்ற பார்ட்னர்கள், அதாவது அன்றைக்கு ஏறக்குறைய முழுவதும் வெள்ளை ஆண்கள். தங்கள் பணத்தை இவரோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தார்கள் என்றால் வேலையில் இவர் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம். பத்து வருடம் கழித்து வாஷிங்டனில் இவர் பெயரை எடைபோட்டவர்களுக்கு எதைவிடவும் பெரிய சான்றிதழ் அதுவாகத்தான் இருந்திருக்கும். இது என் கணிப்பு. ஆனால் இவரிடம் அரசியல் பதவியோ அரசு வக்கீல் பதவியோ நீதிபதி அனுபவமோ இல்லாதபோது எடைபோட வேறு பெரிதாக எதுவும் இருந்திருக்காது.

திறமை இருந்தது சரி, இடம் எப்படி வந்தது? இங்கே தேதிகளைக் கவனியுங்கள். குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1977 பிப்ரவரியில் ஒரு நிர்வாக ஆணை போட்டு, சர்க்யூட் நீதிபதிகளுக்குப் பெயர் பரிந்துரைக்க வட்டாரவாரியாகக் குழுக்கள் அமைத்தார். அதுவரை இது பெரும்பாலும் அந்தந்த மாநில செனட்டர்களின் கைக்குள் இருந்த விஷயம். அவருக்கு வேண்டியவர், கட்சிக்கு உழைத்தவர் என்று போகும். 1978 மே மாதம் அந்த ஆணை திருத்தப்பட்டு, தகுதியுள்ள பெண்களையும் சிறுபான்மையினரையும் தேடிக் கண்டுபிடிக்கக் குழுக்கள் தனியாக முயற்சி எடுக்க வேண்டும் என்ற வரி சேர்ந்தது. அதே வருடம் அக்டோபரில் காங்கிரஸ் ஒரு சட்டத்தில் 152 புதிய நீதிபதிப் பணியிடங்களை உருவாக்கியது: மாவட்ட அளவில் 117, சர்க்யூட் அளவில் 35. இரண்டாவது சர்க்யூட்டின் பலம் ஒன்பதிலிருந்து பதினொன்றானது. அந்தப் புது இடங்களில் ஒன்றுக்குத்தான் 1979 மே 3 அன்று கியர்ஸ் பெயர் போனது. ஜூன் 19-இல் செனட் ஒப்புதல். நாற்பத்தேழே நாள். அப்போது அவருக்கு வயது 42.

இந்த மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழக்கு இருக்கிறது, அது மாட்லியுடையது. 1965-இல் துர்குட் மார்ஷல் இதே இரண்டாவது சர்க்யூட்டை விட்டு சொலிசிட்டர் ஜெனரலாகப் போனபோது, காலியான இடத்துக்கு மாட்லியைப் போட அன்றைய குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் யோசித்தார். எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கி, மாவட்ட நீதிமன்ற இடத்துக்கு முன்மொழிந்தார். 1966 ஜனவரியில் போன அந்தப் பெயரும் செனட்டில் ஆகஸ்ட் கடைசி வரை இழுபட்டது. மாட்லி சாதாரண ஆள் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்கு வாதாடி ஒன்பதில் வென்றவர். வெள்ளையர்களுக்கு மட்டுமே என்றிருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்க வைத்தவர். ஆனால் சிவில் உரிமை வக்கீல் என்ற அந்தப் புகழே தெற்கத்திய செனட்டர்களுக்கு உறுத்தல். கியர்ஸின் பதினேழு வருட வேலையோ கம்பெனிகளுக்கு இடையிலான வழக்கு. எதிரிகளைச் சம்பாதித்துத் தராத வேலை. முன்னோடியாக வருபவர் போராளியாகத்தான் இருந்திருப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இங்கே போராளிக்கு மேல் கதவு திறக்கவில்லை, கார்ப்பரேட் வக்கீலுக்குத் திறந்தது. இதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மேக் வந்தது மூன்றாவது வழி. ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் 1951-இல் சட்டம் முடித்து, நீதித் துறையின் குற்றவியல் மேல்முறையீட்டுப் பிரிவில் அரசு வக்கீலாக 1954 முதல் 1968 வரை. பிறகு வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் ஆணையத்தில் ஏழு வருடம். 1975-இல் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு நியமித்தார். மேல்முறையீட்டு மனுக்களை எழுதி எழுதியே அந்த நாற்காலிக்குப் பக்குவப்பட்டவர் என்று பார்த்தால், மூவரில் நேர்கோட்டில் வந்தவர் இவர்தான்.

சரி, வந்த பிறகு என்ன வேலை? சாட்சி வராது, ஜூரி (விசாரணையைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) கிடையாது. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, கீழே நடந்ததன் எழுத்துப் பதிவையும் இரு தரப்பின் வாதுரையையும் படிப்பார்கள். நேர் வாதம் நிமிடக் கணக்கில்தான். கீழ் நீதிமன்றம் 'இன்னது நடந்தது' என்று கண்டிருந்தால் அதை லேசில் தொட மாட்டார்கள். வெளிப்படையான பிழை இருந்தால்தான். சட்டத்தை எப்படிப் பொருள் கொண்டது என்பதை மட்டும் முதலிலிருந்து தாங்களே பார்ப்பார்கள். அதனால் மேல்முறையீட்டில் பலர் தோற்பது மேலே அல்ல. விசாரணையின்போது வக்கீல் உரிய நேரத்தில் ஆட்சேபம் சொல்லிப் பதிவு செய்யாத அந்த நிமிடத்திலேயே பாதி தோற்றுவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே உச்ச நீதிமன்ற முன்தீர்ப்பு என்ற சுவர். பிடிக்கிறதோ இல்லையோ, சர்க்யூட் நீதிபதி அதை இடிக்க முடியாது.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கியர்ஸ் என்ன செய்தார் என்பதற்கு மெக்ரே எதிர் ஏப்ரம்ஸ் வழக்கு (1984) போல இன்னொன்று சொல்ல முடியாது. பின்னணி இது. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு தரப்புக்கும் காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை உண்டு. அரசுத் தரப்பு அதைக் கறுப்பினத்தவரை மட்டும் பொறுக்கி வெளியேற்றப் பயன்படுத்தினால்? 1965-இல் ஸ்வெய்ன் எதிர் அலபாமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒரு வழக்கில் அப்படி நடந்தது என்று காட்டினால் போதாது, அரசு வக்கீல் வழக்குக்கு வழக்கு, வருடக்கணக்கில் அப்படிச் செய்துவருகிறார் என்று காட்ட வேண்டும். கேட்க நியாயம் போலத் தெரியும். ஆனால் யார் யாரை நீக்கினார், நீக்கப்பட்டவர் எந்த இனம் என்று எந்தக் கோர்ட்டும் பதிவேடு வைக்கவில்லை. கைவசம் இல்லாத பதிவேட்டைக் காட்டச் சொல்வதும் கதவை மூடுவதும் ஒன்றுதான். ஸ்வெய்னுக்காக வாதாடித் தோற்றவர் மாட்லி. அவர் தோற்ற அந்த ஒரே வழக்கு இதுதான்.

மெக்ரே புரூக்ளினில் நடந்த வழிப்பறி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவர். முதல் விசாரணையில் ஜூரி ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது முறை அரசுத் தரப்பு நீக்கம் மேல் நீக்கமாகச் செய்ததில் ஜூரி முழுக்க வெள்ளையராக அமைந்தது, தண்டனையும் வந்தது. வக்கீல் அப்போதே ஆட்சேபித்திருந்தார். வழக்கு பிழைத்ததே அதனால்தான். நியூயார்க்கின் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1983-இல் உச்ச நீதிமன்றமும் எடுக்கவில்லை. பிறகு ஆட்கொணர்வு மனுவாகக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் போய், அங்கே வென்று, அரசின் மேல்முறையீடாக இரண்டாவது சர்க்யூட்டுக்கு வந்தது.

மாவட்ட நீதிபதி மனுவை ஏற்றது சமத்துவப் பாதுகாப்பு, அதாவது சட்டம் எல்லோரையும் சமமாகப் பாதுகாக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட உறுதியின் அடிப்படையில். கியர்ஸ் அந்த வழியில் போகவில்லை. ஸ்வெய்ன் உயிரோடு இருக்கிறது, அது எங்களைக் கட்டுப்படுத்துகிறது, அதைக் கவிழ்க்க உச்ச நீதிமன்றத்தால்தான் முடியும் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் ஸ்வெய்ன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று தேடினார். நடுநிலையான ஜூரி முன் விசாரிக்கப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது. ஜூரி உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1968-இல், அதாவது ஸ்வெய்னுக்கு மூன்று வருடம் கழித்து. 1975-இல் ஜூரி சமூகத்தின் எல்லாப் பிரிவிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. எனவே ஆறாவது திருத்தத்தைப் பற்றி ஸ்வெய்ன் எதையும் முடிவு செய்திருக்க முடியாது. அந்த இடைவெளியில் கால் வைத்தார். நீக்கப்பட்டவர்கள் சமூகத்தில் தனியாக அடையாளம் காணக்கூடிய ஒரு பிரிவினர் என்றும், அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதாலேயே நீக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு அந்த ஒரு வழக்கிலேயே காட்டினால் போதும் என்றார். பிறகு காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு. வருடக்கணக்கான பதிவேடு தேவையில்லை.

பதினாறு மாதம் கழித்து, 1986 ஏப்ரலில், பேட்ஸன் எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்வெய்னின் அந்த நிரூபணச் சுமையைக் கைவிட்டது. அதே வழக்கிலேயே காட்டலாம், காட்டினால் அரசுத் தரப்பு காரணம் சொல்ல வேண்டும் என்ற அமைப்பு ஏறக்குறைய மெக்ரேயில் இருந்ததுதான். இதை வைத்து 'கியர்ஸ்தான் பேட்ஸனை உருவாக்கினார்' என்று சிலர் எழுதுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றங்கள் 1970-களின் இறுதியிலேயே தங்கள் மாநில அரசியல் சட்டத்தின்படி இதேபோலத் தீர்ப்பளித்திருந்தன. பேட்ஸன் தீர்ப்பு நின்றதும் ஆறாவது திருத்தத்தின் மேல் அல்ல, சமத்துவப் பாதுகாப்பின் மேல். அவருடைய மெக்ரே தீர்ப்பே பிறகு உச்ச நீதிமன்றத்தால் ரத்தாகி, பேட்ஸனின் வெளிச்சத்தில் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது. 1990-இல் ஹாலந்து எதிர் இல்லினாய் வழக்கில் ஆறாவது திருத்த வழியையே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மூடிவிட்டார்கள். அவர் போட்ட பாதை அடைபட்டது. போக நினைத்த ஊருக்கு வேறு பாதையில் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். மேல்முறையீட்டு நீதிபதியின் வேலை பல நேரம் இப்படித்தான் முடியும்.

எப்போதும் பெரும்பான்மையோடு இருந்தவர் என்றும் நினைக்க வேண்டாம். அரசு நிதி பெறும் குடும்பநல மருத்துவமனைகளில் கருக்கலைப்பு பற்றி ஆலோசனையே சொல்லக்கூடாது என்று 1988-இல் வந்த விதிகளை இரண்டாவது சர்க்யூட் 1989-இல் ஏற்றுக்கொண்டபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கு மேலே போய் 1991-இல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அரசுக்குச் சாதகமாக முடிந்தது.

உச்ச நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ரீகன் காலத்திலும் பிறகு கிளிண்டன் காலத்திலும் இவர் பெயர் பரிசீலனைப் பட்டியலில் அடிபட்டது. ஆனால் பட்டியலில் அடிபடுவது வேறு, முன்மொழியப்படுவது வேறு. முன்மொழிவுக்கு செனட்டில் பதிவு இருக்கும். பட்டியலுக்குப் பத்திரிகைச் செய்திதான் ஆதாரம். இவர் ஒருமுறையும் முன்மொழியப்படவில்லை. 'ஏன்' என்பதற்கு இணையத்தில் உலவும் காரணங்களையெல்லாம் ஊகம் என்ற கணக்கிலேயே வையுங்கள். சீட்டாட்டப் பிரியர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: இவர் காண்ட்ராக்ட் பிரிட்ஜில் 1986-ஆம் வருட உலக மகளிர் ஜோடிப் பட்டம் வென்றவர். அதுவும் நீதிபதியாக இருந்துகொண்டே.

2002 ஜூன் 11 அன்று 'சீனியர்' நிலைக்கு மாறினார். அன்று அவருடைய 65-வது பிறந்தநாள். இது தற்செயல் இல்லை. கூட்டாட்சி நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. 65 வயதும் 15 வருட சேவையும் ஆனால் முழுச் சம்பளத்தோடு இந்த நிலைக்குப் போகலாம். இடம் காலியானதாகக் கணக்கு, குடியரசுத் தலைவர் புதியவரை நியமிக்கலாம். மாறியவரோ குறைந்த சுமையில் வழக்குகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். 'ஓய்வு பெற்றார்' என்று சில தளங்கள் எழுதுவது தவறு.

கடைசியாக, இவர் வந்த வழியில் அடுத்தவர் உடனே வந்தாரா? 1981-இல் ரீகன் அந்தப் பரிந்துரைக் குழுக்களைக் கலைத்தார். கூட்டாட்சி சர்க்யூட்டுக்கு இரண்டாவது கறுப்பினப் பெண், ஜூடித் ரோஜர்ஸ், வந்தது 1994-இல். நடுவில் பதினைந்து வருடம். அவரும் நேரே வரவில்லை. மேக் இருந்த அதே உள்ளூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து, டி.சி. சர்க்யூட்டுக்குப் போனார். 1999-இல் ஏழாவது சர்க்யூட்டுக்கு வந்த ஆன் கிளேர் வில்லியம்ஸும், 2000-இல் ஒன்பதாவது சர்க்யூட்டுக்கு வந்த ஜானி ராலின்சனும் ஏற்கெனவே மாவட்ட நீதிபதிகள். கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனை எடுத்துக்கொண்டால் மூன்று நீதிபதிகளிடம் கிளார்க், அரசுச் செலவில் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல், 2013-இல் மாவட்ட நீதிபதி, 2021-இல் டி.சி. சர்க்யூட், 2022-இல் உச்ச நீதிமன்றம். ஏணி கிடையாது என்று தொடக்கத்தில் சொன்னேன். சட்டப்படி இன்றும் கிடையாதுதான். ஆனால் கியர்ஸுக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் முதலில் ஏதாவது ஒரு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து காட்டிய பிறகே மேலே அழைக்கப்பட்டார்கள்.